ஒரு கப்பலின் மூன்று பெயர்கள்

கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் இந்நாட்டுத் தமிழருள் முதியோர்க்கு முதலில் நினைவில் எழுவது ‘ரஜூலா’வே ஆகும். 1926இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்று, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறை, சிங்கப்பூர் என்ற கடல்வழியில், போர்க்காலம் நீங்கலாக, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய கலம் அது. தொடக்கத்தில் 5,000க்கு மேற்பட்ட டெக்குப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது என்பதைப் படிக்கும்போது, நம் பாட்டன்மார் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பது ஒருவாறு விளங்கும். 1973இல் அது கைமாறி ‘ரங்கத்’ என்று பெயர் பெற்றது. மறு ஆண்டே பம்பாயில் உடைக்கப்பட்டது.

ரஜூலாவைப் பற்றி எழுதியோரும் எழுதுவோரும் பலர். ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது வேறொரு கலம். நம்மவரை அது ஏற்றி வந்ததில்லை. ஆயினும் நம் கடலில் சில திங்கள் கிடந்தது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 1,035 அடி நீளமுள்ள ஒரு நீலநிறக் கப்பலை இழுவைக் கப்பல் ஒன்று இழுத்துக்கொண்டு கிள்ளான் துறைமுகத்தின் வெளிக்கடலுக்கு வந்தது. அக்கப்பலுக்குத் தன் ஆற்றலால் நகரும் வலிமை இல்லை. பயணிகளும் இல்லை. ஏறத்தாழ ஐந்து திங்கள் அங்கே நங்கூரமிட்டுக் கிடந்துவிட்டு, 2006 ஜனவரியில் மீண்டும் இழுத்துச் செல்லப்பட்டது. ஒரு காலத்தில் உலகிலேயே மிக நீண்ட பயணிகள் கப்பல் அதுதான் என்பதும், தெ கோல் போன்ற ஒரு தலைவர் முன்னின்று கடலில் விட்ட கலம் அது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தன?

அதன் முதற்பெயர் ‘பிரான்ஸ்’. இரண்டாம் பெயர் ‘நார்வே’. இறுதிப் பெயர் ‘புளூ லேடி’. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாழ்வு உண்டு. பழைய கலத்தைப் புதுக்கியவர்கள் எதைப் புதுக்கினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீயின் அச்சம்

பிரெஞ்சுக்காரர்க்கு ‘நார்மண்டி’ என்றொரு கப்பல் இருந்தது. 1935இல் ஓடத் தொடங்கிய அதனினும் அழகிய கப்பல் பிறக்கவில்லை என்று இன்றும் வாதிடுவோர் உளர். இரண்டாம் உலகப் போரில் அது நியூயார்க்குத் துறையில் முடங்கியது. அமெரிக்கர் அதனைப் படைவீரர் கப்பலாக மாற்ற முற்பட்டனர். 1942 பெப்ரவரி 9ஆம் நாள் பற்றவைக்கும் கருவியிலிருந்து தெறித்த பொறி, குவித்து வைத்திருந்த உயிர்காப்பு மிதவைகளில் விழுந்தது, தீ மூண்டது. அணைக்கக் கொட்டிய நீரே கலத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக் கவிழ்த்தது. மாற்றியமைக்கும் வேலை நடக்கும்போது ஒரு கப்பல் மாண்டது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

போர் முடிந்தபின், ஜெர்மானியரிடமிருந்து பெற்ற ‘ஐரோப்பா’ என்ற கப்பலுக்கு ‘லிபர்த்தே’ எனப் பெயரிட்டு ஓட்டியும், பழைய ‘ஈல் தெ பிரான்ஸை’ச் செப்பனிட்டு ஓட்டியும் பிரெஞ்சுக் கப்பற் கழகத்தார் காலம் தள்ளினர். சொந்தத்தில் புதியதொரு பெருங்கப்பல் வேண்டும் என்ற எண்ணம் பின்னர் அரசின் மானத்தோடு பிணைந்துகொண்டது. 1957இல் சேன் நசேர் துறையிலுள்ள கப்பல் தளத்தில் வேலை தொடங்கிற்று. 1960 மே 11ஆம் நாள் குடியரசுத் தலைவர் தெ கோலின் துணைவியார் இவோன் பெயர் சூட்ட, கலம் நீரில் இறங்கியது.

நார்மண்டி தந்த பாடத்தைக் கட்டியவர்கள் மறக்கவில்லை. உள்ளே மரவேலை தவிர்க்கப்பட்டது. நாற்காலியும் மேசையும் அலுமினியத்தால் ஆயின. சுவர்களும் கூரைகளும் தீப்பற்றாப் பொருள்களால் அமைந்தன. அப்பொருள்களுள் தலையாயது கல்நார். கற்பாறையிலிருந்து எடுக்கும் நார் அது. தீ அதனை எரிக்காது, வெப்பம் எளிதில் ஊடுருவாது. கொதிகலனைச் சுற்றியும், நீராவிக் குழாய்களின் மேலும், அறைத் தடுப்புகளின் உள்ளும் அதனைத் தாராளமாக வைத்தனர். அக்காலத்தில் கப்பல் கட்டிய எந்நாட்டவரும் செய்ததே இது. அதன் நுண்தூளை மூச்சில் இழுத்தவர்க்குப் பல்லாண்டு கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரும் என்ற உண்மை சட்டங்களில் ஏறுவதற்குப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன.

கடலில் அது ஓடிய காலம்

1962 பெப்ரவரி 3ஆம் நாள் லெ ஆவ்ர் துறையிலிருந்து நியூயார்க்குக்கு அதன் முதற்பயணம். கொள்ளளவு 66,000 டன்னுக்கு மேல். பயணிகள் ஏறத்தாழ 2,000. பணியாளர் 1,100 அளவில். கருநிற உடல், செந்நிறப் புகைபோக்கிகள் இரண்டு. அப்புகைபோக்கிகளின் இருபுறமும் சிறகுபோல் நீண்ட பகுதிகள் இருந்தன. அவை அழகுக்கு வைத்தவை அல்ல. மேல்தளத்தில் நிற்பவர்மீது கரி படியாதபடி புகையைப் பக்கவாட்டில் வெளியேற்ற வைத்தவை.

அதன் பொறியமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னர் வரும் துன்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. எட்டுப் பெருங்கொதிகலன்கள், நான்கு முன்னறையிலும் நான்கு பின்னறையிலுமாக இருந்தன. எண்ணெயை எரித்து நீரை மிகுந்த அழுத்தமுள்ள நீராவியாக்கி, அந்நீராவியைச் சுழலிப் பொறிகளில் பாய்ச்ச, அவை கலத்தின் அடியிலுள்ள நான்கு சுழல்விசிறிகளைச் சுழற்றும். 160,000 குதிரைத்திறன், மணிக்கு 30 கடல்மைல் வேகம். (கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி என்று மிதப்பனவற்றுக்கு எத்தனையோ பெயர் வைத்த நம் மொழியில், நீருக்கடியில் சுழன்று அதனைத் தள்ளும் உறுப்புக்கு இன்னும் ஒருமித்த சொல் ஏற்படவில்லை. சுழல்விசிறி என்றே இங்கு எழுதுகிறேன். இதனினும் நல்ல சொல் உடைய ஆசிரியர்கள் வழங்குவார்களாக.)

இலக்கணம் கற்பிப்போர்க்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. பிரெஞ்சு மொழியில் பிரான்ஸ் என்னும் நாட்டின் பெயர் பெண்பால். கப்பலைக் குறிக்கும்போதோ அதே பெயர் ஆண்பாலாகிவிடுகிறது. முன்னே நிற்கும் சிறுசொல்லைக் கேட்டே, பேசுகிறவர் தாய்நாட்டைச் சொல்கிறாரா கப்பலைச் சொல்கிறாரா என்று அறிந்துகொள்ளலாம். ஆங்கிலேயரோ எல்லாக் கப்பலையும் பெண்ணாக வைத்துப் பேசிவந்தனர். நாம் அஃறிணை என்று ஒதுக்கி அமைந்துவிட்டோம்.

1962 திசம்பரில் ‘மோனா லீசா’ ஓவியம் அமெரிக்காவுக்குச் சென்றது இக்கப்பலில்தான். காற்றுப் புகாத, நீரில் மிதக்கக்கூடிய பெட்டியில் வைத்துக் காவலுடன் கொண்டுசென்றனர். வானூர்தியில் சில மணி நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டிய ஓவியம் ஐந்து நாள் கடலில் சென்றது. கப்பலின் பெருமைக்கு இஃது உச்சம் எனலாம். ஆயின் அவ்வாண்டிலேயே ஓவியத்தைத் தவிர மற்றவர் பெரும்பாலும் வானூர்தியில் போகத் தொடங்கிவிட்டனர்! 1958இல் ஜெட் வானூர்திகள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியபோதே இக்கதை முடிந்துவிட்டது. கப்பலின் அடித்தகடு தளத்தில் ஏறி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. கட்டி முடிப்பதற்கு முன்னரே காலங்கடந்துபோன பொருளைக் கட்டி முடித்தார்கள் என்று கூறினால் அது கடுஞ்சொல்லாகத் தோன்றலாம். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

குளிர்காலத்தில் பயணிகள் குறையும்போது உல்லாசப் பயணங்களுக்கு அதனை அனுப்பிப் பார்த்தனர். வட அட்லாண்டிக்கின் பனிக்காற்றுக்கென்று கட்டிய கலம் அது. நீச்சற்குளங்கள் மூடிய கூரையின்கீழ் இருந்தன. வெப்பநாட்டுக் கடலில் வெயில் காய வந்தவர்க்கு அவை உவக்குமா? அகலமோ பனாமாக் கால்வாயின் மதகுகளில் நுழையாத அகலம். ஆகவே உலகைச் சுற்றப் புறப்பட்டபோது தென்னமெரிக்காவின் தென்கோடியை வளைந்து போக வேண்டியதாயிற்று.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. ஆண்டுதோறும் அரசு ஈடுசெய்துவந்த இழப்பு தாங்க முடியாததாயிற்று. ஒலியினும் விரைந்து செல்லும் ‘கான்கார்டு’ வானூர்திக்கும் பிரெஞ்சு அரசு அக்காலத்தில் பணம் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாட்டுப் பெருமைகளுக்குப் பணம் இல்லை; ஒன்றை விட வேண்டும். 1974இல் கப்பலை விட்டார்கள். செய்தி அறிந்த பணியாளர் அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் லெ ஆவ்ர் துறைமுகத்தின் வாயிலிலேயே கலத்தை நிறுத்தித் தம் கையில் எடுத்துக்கொண்டனர். பயணிகளை வேறு கலத்தில் ஏற்றிக் கரை சேர்த்தனர். ஏறத்தாழ ஒரு திங்கள் நீடித்த அப்போராட்டம் தோற்றது.

மறதித் துறை

லெ ஆவ்ரில் ஒதுக்குப்புறமான ஒரு துறையில் கட்டிப்போட்டார்கள். அவ்விடத்துக்கு மக்கள் வைத்த பெயர் மறதித் துறை. 1975இல் மிஷேல் சார்தூ என்ற பாடகர், கப்பலே தன் வாயால் தன் நிலையைச் சொல்லி அழுவதாக ஒரு பாட்டுப் பாடினார். அது நாடெங்கும் பரவியது. நம் புலவர் ஆற்றையும் தேரையும் பேச வைத்ததை அறிந்த நமக்கு இது புதுமையன்று. ஐந்தாண்டுகள் அங்கேயே கிடந்தது. 1977இல் அக்ரம் ஒஜ்ஜே என்னும் சவுதிச் செல்வர் வாங்கினார்; மிதக்கும் விடுதியும் சூதாட்டக் கூடமுமாக ஆக்க எண்ணினார்; நடக்கவில்லை.

1979இல் குனூட் குளோஸ்டர் என்ற நார்வேக் கப்பல் அதிபர் 1 கோடியே 80 இலட்சம் அமெரிக்க டாலருக்கு அதனை வாங்கினார். அவருடைய கழகம் மியாமித் துறையிலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் சிறு உல்லாசக் கப்பல்களை ஓட்டிக்கொண்டிருந்தது. மூன்று நான்கு கப்பல்களில் ஏற்ற வேண்டியவரை ஒன்றில் ஏற்றலாம் என்பதும், கப்பலே சென்று காணத்தக்க ஊர்போல் இருந்தால் தீவைப் பற்றிக் கவலையில்லை என்பதும் அவர் கருத்து. அன்று இதைக் கேட்டுச் சிரித்தவர் பலர். இன்று கடலில் மிதக்கும் நகரங்களாக ஓடும் உல்லாசக் கப்பல்கள் யாவும் அவ்வெண்ணத்தின் பிள்ளைகள்.

நீலக் கப்பல்

1979 ஆகஸ்டில் கலம் லெ ஆவ்ரை விட்டு ஜெர்மனியிலுள்ள பிரேமர்ஹாவன் தளத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது. வாங்கிய விலையைப்போல் பல மடங்கு செலவில் அங்கு நடந்த புதுப்பிப்பு, கப்பல் வரலாற்றில் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது.

முதலில் வேகம். அட்லாண்டிக்கில் ஐந்து நாளில் நியூயார்க்கு சேர வேண்டியவர்க்கு 30 கடல்மைல் வேகம் வேண்டும். தீவுகளுக்கிடையே உலாவுகிறவர்க்கு அது ஏன்? கப்பலை ஓட்ட வேண்டிய ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுவது. வேகம் பாதியானால் வேண்டும் ஆற்றல் ஏறத்தாழ எட்டில் ஒன்றுதான். இந்த ஒரு கணக்கே அக்கப்பலுக்கு மறுவாழ்வு தந்தது. முன்பொறியறையை நிறுத்தினர். எட்டுக் கொதிகலனில் முன்னறை நான்கையும் நீக்கினர். சுழல்விசிறி நான்கில் இரண்டை எடுத்தனர். எண்ணெய்ச் செலவு பெரிதும் குறைந்தது.

அடுத்துத் திருப்பம். முன்பு துறைமுகந்தோறும் இழுவைக் கலங்கள் வந்து தள்ளி அணைத்தன. இப்போது கலத்தின் முனையிலும் பின்புறத்திலும் பக்கவாட்டில் நீரைத் தள்ளும் விசைகளைப் பொருத்தினர்; தானே அசைந்து கரை அணையும் திறன் வந்தது. கரீபியன் தீவுகளின் ஆழமற்ற துறைகளில் இத்தனை பெரிய கலம் நுழைய முடியாது. அதற்கென்று இரு பெரும் படகுகளை முன்தளத்தின்மேல் ஏற்றி வைத்தனர். கப்பல் வெளியே நிற்கும். படகுகள் மக்களைத் தீவுக்குக் கொண்டுசெல்லும். கப்பலின் தோளில் இரு குட்டிக் கப்பல்கள் அமர்ந்திருந்த காட்சி படத்தில் பார்த்தவர் மறவார்.

பின்னர் மேலிடம். மூடியிருந்த பின்தளங்களைத் திறந்து வெயில்படும் நீச்சற்குளம் அமைத்தனர். வகுப்புப் பிரித்து நடந்த நெடுங்கூடங்கள் இரண்டும் கடைத்தெருக்களாயின. அவற்றுக்கு நியூயார்க்குத் தெருவொன்றின் பெயரும் பாரிசுத் தெருவொன்றின் பெயரும் வைத்தனர். கரிய உடலுக்கு நீலம் பூசினர். பணியாளர் எண்ணிக்கை 1,100இலிருந்து 800 அளவுக்குக் குறைந்தது. பல நாட்டவர் கலந்தனர். 1980இல் ‘நார்வே’ என்ற புதுப்பெயருடன் ஆஸ்லோவிலிருந்து புறப்பட்டு மியாமி சேர்ந்து, ஜூன் முதல் நாள் தன் முதல் உலாவைத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் அன்று அதுவே.

1988இல் வேறொரு கப்பல் அதனைக் கொள்ளளவில் மிஞ்சியது. 1990இல் மறுபடியும் பிரேமர்ஹாவனுக்குக் கொண்டுபோய், உச்சியில் இரண்டு தளங்களைக் கூட்டிச் செல்வர்க்கான கண்ணாடி அறைகள் கட்டினர், கொள்ளளவு 76,000 டன்னைத் தாண்டியது, முதலிடம் திரும்பியது. கப்பலின் வடிவழகைக் கெடுத்துவிட்டதாகக் கப்பல் ஆர்வலர் குறைகூறினர். படங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் அக்குறை பொய்யன்று என்றே எனக்குப் படுகிறது. நீண்டு தாழ்ந்திருந்த உருவத்தின்மேல் ஒரு பெட்டியை ஏற்றி வைத்தாற்போல் இருக்கிறது. ஆனால் அழகு கெட்டதைவிட ஆழமான ஒன்று அதன் அடியில் இருந்தது. அதைப் பற்றி எவரும் பேசவில்லை.

23ஆம் கொதிகலன்

முன்னறைக் கொதிகலன்களை நீக்கியபின் பின்னறையில் நான்கு எஞ்சின என்றேன். 21 முதல் 24 வரை எண்ணிட்டவை அவை. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்தவை. நெடுங்கடலில் நாட்கணக்கில் ஒரே சீராக எரிவதற்கென்று வகுக்கப்பட்டவை. இப்போது அவற்றின் வேலை மாறிவிட்டது. வாரந்தோறும் மியாமி, தீவு, தீவு, மீண்டும் மியாமி. கரையணையும்போது அணைப்பார்கள், புறப்படும்போது மூட்டுவார்கள். சூடேறும் இரும்பு விரியும். ஆறும் இரும்பு சுருங்கும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அதுபோல் உலோகம் களைத்தது. கொதிகலனுள் செல்லும் நீரைக் காற்று நீக்கித் தூய்மையாகக் காக்கத் தவறினால் உட்புறம் அரித்துக் குழிவிழும். அக்குழிகளிலிருந்து வெடிப்பு தொடங்கும். முன்னரே விரிசல் கண்டு பற்றவைத்துச் செப்பனிட்டதும் உண்டு. ஆயினும் கொதிகலன்கள் மாற்றப்படவில்லை. கண்ணாடி அறைகள் மேலே ஏறிய ஆண்டிலும் இவை கீழே அப்படியே இருந்தன.

2000ஆம் ஆண்டு இக்கழகம் முழுவதும் மலேசியாவின் கெந்திங் குழுமத்தைச் சேர்ந்த ஸ்டார் குரூஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. நம் நாட்டோடு இக்கப்பலுக்கு உறவு ஏற்பட்டது இவ்வகையில்.

2003 மே 25, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை கப்பல் மியாமி வந்து கரையணைந்தது. 2,000க்கு மேற்பட்ட பயணிகள் இன்னும் இறங்கவில்லை. ஏழு மணி ஆவதற்கு முன் 23ஆம் கொதிகலனின் அடிப்பகுதி கிழிந்தது. உள்ளே பேரழுத்தத்தில் அடைபட்டுக் கொதித்துக்கொண்டிருந்த நீர், அழுத்தம் நீங்கியவுடன் ஒரு நொடியில் நீராவியாக விரிந்து, பொறியறையிலிருந்து பணியாளர் தங்கும் தளங்கள்வரை பாய்ந்தது. பணியாளர் எட்டுப் பேர் மாண்டனர்; 17 பேர் காயமுற்றனர். பயணிகளுள் ஒருவர்க்கும் ஊறு இல்லை. மேலே இருந்தவர்க்கும் கீழே இருந்தவர்க்கும் உள்ள தொலைவை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன. இறந்தோருள் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்த கடலோடிகள் இருந்தனர். கடல் கடந்து கூலிக்குச் சென்றோரின் வழியில் வந்த நமக்கு, அவர்கள் வீடுகளுக்குச் சென்ற செய்தி எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2007இல் முடிவு கூறியது. கொதிகலனை இயக்கிய முறையும், பேணிய முறையும், சோதித்த முறையும் குறைபட்டதால் உலோகம் நலிந்து விரிசல் கண்டது என்பது அம்முடிவு. மேற்பார்வைச் சோதனை நடத்திய அமைப்பின் ஆய்வு போதாதிருந்ததும் துணைக்காரணமாகக் குறிக்கப்பட்டது. 2008இல் கப்பற் கழகம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 இலட்சம் டாலர் தண்டம் செலுத்தியது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடும் விதிக்கப்பட்டது.

வேறொரு பொருத்தத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. அவ்வெடிப்பு நிகழ்ந்து ஆறு நாள் கழித்து, 2003 மே 31ஆம் நாள், பிரெஞ்சுக் கான்கார்டு வானூர்திகளும் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தம் கடைசிப் பறப்பை முடித்து ஓய்வு பெற்றன. கப்பலை விட்டு எதனைக் காத்தார்களோ அதுவும் கப்பலோடு ஒரே வாரத்தில் நின்றது.

கிள்ளான் கடலிலிருந்து அலங் மணலுக்கு

வெடித்த கலத்தைக் கடல் கடந்து பிரேமர்ஹாவனுக்கே இழுத்துச் சென்றார்கள். மூன்றாம் புதுப்பிப்பு நடக்கவில்லை. 2004இல், இனி அது உல்லாசக் கப்பலாகத் திரும்பாது என்று அறிவிப்பு வந்தது. அப்பொழுது எழுந்த சிக்கல், 1960இன் தீயச்சம் விட்டுச்சென்ற கல்நார். நச்சுப்பொருள் நிறைந்த கழிவுகளைச் செல்வநாடுகள் ஏழைநாடுகளுக்கு ஏற்றி அனுப்பக்கூடாது என்பது 1989இல் உருவான பாசெல் உடன்படிக்கை. உடைப்பதற்கென்று சொல்லி அக்கப்பல் ஜெர்மனியை விட்டுப் புறப்பட முடியாது. பழுதுபார்த்து மீண்டும் பயன்படுத்தவே ஆசியாவுக்குக் கொண்டுசெல்வதாகக் கூறப்பட்டது. 2005 மே மாதம் புறப்பட்டு, ஆகஸ்டு 10ஆம் நாள் கிள்ளான் கடலை அடைந்தது.

இங்கே வந்தபின் பழுதுபார்ப்பு ஒன்றும் நடக்கவில்லை. கலம் கைமாறியது, ‘புளூ லேடி’ ஆயிற்று. புதுப்பெயர் வைத்தது புதுவாழ்வுக்கு அன்று. 2006 ஜனவரியில் வங்காள தேசத்தின் உடைப்புக் கரைக்கு இழுத்துச் செல்லப் புறப்பட்டது. பெப்ரவரியில் அவ்வரசு கல்நாரைக் காரணம் காட்டி நுழைவு மறுத்தது. அதே திங்களில்தான் ‘கிளெமான்சோ’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை, குஜராத்தில் உடைக்க அனுப்பிய வழியிலேயே, குடியரசுத் தலைவர் சிராக் திருப்பி அழைத்துக்கொண்டார். போர்க்கப்பல் அரசின் உடைமை. திரும்ப அழைக்க ஒருவர் இருந்தார். ‘பிரான்ஸ்’ என்று பெயர் தாங்கிய கப்பலோ பிரான்சின் உடைமை அன்று. அதை அழைப்பார் இல்லை.

அரபிக்கடலில் சில திங்கள் அலைந்தபின் குஜராத்துக் கடலுக்கு வந்தது. காம்பே வளைகுடாவின் கரையில் அலங் என்ற ஊர் இருக்கிறது. அங்குக் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 10 மீட்டர். நீர் ஏறும்போது கப்பலை முழுவேகத்தில் கரைமேல் ஏற்றிவிட்டால், வற்றும்போது அது மணலில் நின்றுவிடும். உலர்தளமும் பாரந்தூக்கிகளும் வேண்டாம். வெட்டுவதற்கு ஆள் போதும். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த கூலிகள் எரிவாயுத் தீக்கொழுந்தால் இரும்பைத் துண்டு துண்டாக அறுக்கிறார்கள். 1983 முதல் உலகக் கப்பல்களுள் பெரும்பங்கு அங்கேதான் முடிந்திருக்கிறது.

கலத்தை அங்கு விடக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. கப்பலில் 1,200 டன்னுக்கு மேல் கல்நார் கலந்த பொருள்கள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். காற்றில் பரவும் தூள் தங்களை அடையும் என்று சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் சார்பிலும் முறையீடு வந்தது. நீதிமன்றம் வல்லுநர் குழுவைக் கேட்டது. மழைக்காலத்தில் வெளிக்கடலில் நிறுத்திவைக்க இயலாது என்று முதலில் நங்கூரமிட இடம் கிடைத்தது. பின்னர்க் கரையேற்ற இசைவு கிடைத்தது. 2006 ஆகஸ்டு 15ஆம் நாள் அலங் மணலில் ஏறிற்று. 2007 செப்டம்பரில் உடைக்கலாம் என்ற தீர்ப்பு வந்தது. ஏறிய கப்பலை மீண்டும் கடலுக்கு இழுத்துச் செல்ல யாராலும் இயலாது என்ற நிலை வந்தபின் தீர்ப்பு எப்படி இருக்கும்? எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

2008ஆம் ஆண்டு முடிவதற்குள் கலம் இல்லாமற் போயிற்று. உள்ளிருந்த ஓவியத் தகடுகளும், அலுமினிய நாற்காலிகளும், பெயர்ப் பலகைகளும் ஏலத்தில் சிதறின. கப்பலின் முனை, கடலைக் கிழித்துச் செல்லும் கூரிய மூக்கு, தனியாக அறுத்தெடுக்கப்பட்டுப் பிரான்சுக்குப் போயிற்று. 2009இல் பாரிசில் ஏலம் விட்டார்கள். கைமாறி, இடம் மாறி, 2018இல் லெ ஆவ்ர் நகரத்துக்குத் திரும்பியது. முன்பு அக்கலம் நியூயார்க்குக்குப் புறப்பட்ட அதே துறைமுக நகரில், இன்று அந்த இரும்பு மூக்கு மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு கரைமேல் நிற்கிறது.